இடைக்கால உத்தரவு: காத்திருக்கும் பிள்ளைகளின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

வீடில்லாத பிள்ளைகளைப் பற்றி நம் சூழலில் எழுதப்பட்டவை பெரும்பாலும் இரண்டு இடங்களைப் பற்றியவை. ஒன்று தெரு. மற்றொன்று இல்லம், அதாவது பழைய மொழியில் அநாதை ஆசிரமம். தெருவைப் பற்றி எழுதும்போது கருணை வழிகிறது. இல்லத்தைப் பற்றி எழுதும்போது நன்றியோ கோபமோ வருகிறது. இவ்விரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறது. பிளாட்பாரத்தில் பிடிபட்ட பையன், வீட்டைவிட்டு ஓடிவந்த பெண், அப்பன் சிறைக்குப்போய் அம்மா செத்துப்போன பிள்ளை ஆகியோர் 'இவரை என்ன செய்வது' என்று அதிகாரம் முடிவெடுக்கும்வரை வைக்கப்படும் இடம் அது. ரிமாண்ட் ஹோம், வரவேற்பு இல்லம், கூர்நோக்கு இல்லம், குறுகிய காலத் தங்குமிடம், திறந்தநிலைப் புகலிடம் என்று நூறு வருஷத்தில் இதற்குப் பல பெயர்கள் மாறியிருக்கின்றன. ஜனங்களுக்கு எல்லாமே 'சீர்திருத்தப் பள்ளி'தான். "ஒழுங்கா இல்லேன்னா சீர்திருத்தப் பள்ளியில கொண்டுபோய் விட்டுருவேன்" என்று மிரட்டாத அம்மாக்கள் வடசென்னையில் குறைவு. ஜனங்களின் இந்த 'அறியாமை'யில் பெரிய உண்மை ஒன்று இருக்கிறது என்பது என் எண்ணம். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

இந்த நடு இடத்திற்குத் தனி வரலாறு எழுதப்படவில்லை. 'தற்காலிகம்' என்ற சொல் அதற்கு ஒரு மறைப்பாக இருந்துவந்திருக்கிறது. தற்காலிகமானதற்கு எதற்கு வரலாறு? தற்காலிகமானதற்கு எதற்குக் கட்டடம், எதற்கு வாத்தியார், எதற்குப் பாய்? நிதி ஒதுக்குபவரும் அப்படித்தான் நினைத்தார், ஆய்வேடு எழுதியவரும் அப்படித்தான் நினைத்தார். பிள்ளையின் பக்கம் நின்று பார்த்தால் கணக்கு வேறு. பன்னிரண்டு வயசுப் பையனுக்கு நான்கு மாதம் என்பது ஒரு வகுப்பு, ஒரு மழைக்காலம், குரல் உடைகிற காலம்.

காலனியச் சட்டங்களிலிருந்து தொடங்குவோம். 1850இல் வந்த தொழில் பயிலுநர் சட்டம் அநாதைகளையும் ஏழைப் பிள்ளைகளையும் 10 வயதிலிருந்து 18 வயதுவரை ஒரு எஜமானிடம் ஒப்பந்தம் போட்டுக் கட்டிவைக்க வழிசெய்தது. பிள்ளை தொழில் கற்கும், ஊர் சுற்றாது, இரட்டை லாபம். 1876இல் சீர்திருத்தப் பள்ளிகள் சட்டம் வந்தது, 1897இல் அது திருத்தி எழுதப்பட்டது. சென்னை மாகாணத்தில் செங்கல்பட்டுப் பள்ளி 1887இல் திறக்கப்பட்டது. இந்த வரிசையை மேற்கிலிருந்து தனியாகப் பிரித்துப் பார்க்க முடியாது. சிறை ஒழுங்கமைவு முழுமையடைந்த நாள் எது என்று கேட்டுக்கொண்டு ஃபூக்கோ தேர்ந்தெடுக்கும் தேதி 1840 ஜனவரி 22. பிரான்சில் மெத்ரே என்ற சிறுவர் பண்ணைக் குடியிருப்பு முறைப்படி திறக்கப்பட்ட நாள் அது. பெரியவர்களுக்கான எந்தச் சிறையையும் அவர் தேர்ந்தெடுக்கவில்லை, சுற்றுச்சுவர்கூட இல்லாத ஒரு சிறுவர் பள்ளியைத் தேர்ந்தெடுத்தார். குடும்பம், ராணுவம், பட்டறை, பள்ளி, நீதிமன்றம் எல்லாம் ஒரே இடத்தில் கலந்து கிடந்தன என்பதுதான் அவர் சொல்லும் காரணம். பின்னாளில் ழான் ழெனே அதே மெத்ரேயில் அடைபட்டிருந்தவர் என்பது நம் வாசகர்களுக்குத் தெரியும். செங்கல்பட்டிலிருந்து நமக்கு ஒரு ழெனே வரவில்லை. வந்திருந்தாலும் எந்தப் பத்திரிகை போட்டிருக்கும் என்பது வேறு விஷயம்.

சீர்திருத்தப் பள்ளிக்குப் போவதற்கு முந்தைய நாட்களில் பிள்ளை எங்கே இருந்தது என்று 1876ஆம் வருஷத்துச் சட்டத்தைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. காவல் நிலையம், கிளைச் சிறை, மாஜிஸ்திரேட் கச்சேரியின் தாழ்வாரம் என்று பெரியவர்களுக்கு இருந்த இடங்களே இவர்களுக்கும். அதே வருஷம்தான் தாது வருஷப் பஞ்சமும் ஆரம்பித்தது. 1876 முதல் 1878 வரை நீண்ட அந்தப் பஞ்சத்தில் நிவாரண முகாம்களில் தாய் தகப்பனை இழந்த பிள்ளைகளில் கணிசமானவர்கள் மிஷன் அநாதை விடுதிகளுக்குப் போய்ச்சேர்ந்தார்கள். முகாம் தற்காலிகம், மிஷன் நிரந்தரம். பிள்ளையின் பெயர், சாமி, சாப்பாடு எல்லாம் இந்த இரண்டுக்கும் இடையிலான சில வாரங்களில் மாறிவிட்டன. இதை மதமாற்றச் சூழ்ச்சி என்று ஒரு தரப்பும் உயிர்காத்த கருணை என்று மற்றொரு தரப்பும் பேசி முடித்துவிட்டன. பிள்ளைகளைத் தேடி யாராவது வந்தால் எங்கே போய்க் கேட்பது என்ற கேள்வியை இரு தரப்பும் எழுப்பியதாகத் தெரியவில்லை.

இன்னொரு சட்டத்தையும் இங்கே சேர்த்துப் படிக்க வேண்டும். வழக்கமாகக் குழந்தைகள் நலம் பற்றிய பாடப்புத்தகங்களில் அது இடம்பெறாது. 1911ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டம், பட்டியலிடப்பட்ட சாதிகளின் 6 வயதுக்கு மேற்பட்ட 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துத் தொழிற்பள்ளிகளிலும் சீர்திருத்தப் பள்ளிகளிலும் வைக்க மாகாண அரசுக்கு அதிகாரம் கொடுத்தது. பிள்ளை எந்தத் தப்பும் செய்யத் தேவையில்லை, பிறந்தால் போதும். சென்னை மாகாணத்தில் இச்சட்டம் 1947இல் ஒழிக்கப்பட்டது. ஆனால் 'இந்தப் பிள்ளையின் குடும்பமே சரியில்லை' என்ற பார்வைக்கு ஒழிப்புச் சட்டம் எதுவும் கிடையாது. இன்றைக்கும் விசாரணை அறிக்கையில் 'குடும்பச் சூழல் உகந்ததல்ல' என்று எழுதப்படும் இடத்தில், அந்தக் குடும்பம் எந்தத் தெருவைச் சேர்ந்தது என்று பார்த்தால் போதும்.

1920க்கு வருவோம். இந்தியாவிலேயே முதல் குழந்தைகள் சட்டம் சென்னைச் சட்டம்தான். வங்காளம் 1922, பம்பாய் 1924. இந்தப் பெருமையை நாம் அடிக்கடி சொல்லிக்கொள்கிறோம். நீதிக்கட்சி ஆட்சிப் பொறுப்பேற்பதற்கு முன்பே, பழைய சட்டமன்றக் காலத்திலேயே வந்துவிட்ட சட்டம் அது. அதே காலத்தில், 1919-20இல், இந்தியச் சிறைகள் குழு ஒன்று நாடு முழுக்கச் சுற்றியது. அதற்குத் தலைவர் அலெக்சாண்டர் கார்டியூ என்ற சென்னை மாகாண ஐ.சி.எஸ். அதிகாரி. பிள்ளைகளைச் சிறையில் வைக்கக்கூடாது, தனி நீதிமன்றம் வேண்டும் என்று அக்குழு சொன்னது. நல்ல விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனாலும் நம் நாட்டில் குழந்தை நலம் என்பது கல்வித்துறையிலிருந்தோ சுகாதாரத் துறையிலிருந்தோ புறப்பட்டு வரவில்லை. சிறைகளைப் பற்றிய பேச்சோடு பேச்சாகத்தான் வந்தது. பிறந்த வீட்டு வாசனை அவ்வளவு சீக்கிரம் போகாது.

சென்னைச் சட்டம் 1908ஆம் ஆண்டு இங்கிலாந்துச் சட்டத்தைப் பார்த்து எழுதப்பட்டது. குற்றம் செய்த பிள்ளைக்கு ஒரு பகுதி, ஆதரவற்ற பிள்ளைக்கு ஒரு பகுதி. ஆதரவற்றது என்றால் யார்? பிச்சை எடுப்பது, வீடில்லாமல் அலைவது, பிழைக்க வழி இல்லாமல் இருப்பது, பெற்றோர் சிறையில் இருப்பது, 'விபசாரி' வீட்டில் வளர்வது. இந்தப் பட்டியலைக் கவனியுங்கள். பிள்ளைக்கு என்ன இல்லை என்று சொல்கிற மாதிரி தொடங்கி, பிள்ளையின் பெற்றோர் எப்படிப்பட்டவர்கள் என்பதில் போய் முடிகிறது. ஏழ்மையும் ஒழுக்கமும் ஒரே மூச்சில் சொல்லப்படுகின்றன. ஆங்கிலேயத் தொழிலாளி வர்க்கத்தின் குடும்பத்தைக் கண்காணிக்கச் செய்யப்பட்ட அளவுகோல், இங்கே சேரியையும் குப்பத்தையும் நாடோடிக் கூடாரத்தையும் அளக்க வந்தது. குடும்பங்களைக் காவல் செய்தல் பற்றித் தோன்ஸலோ பிரான்சை முன்வைத்து எழுதியவற்றைச் சாதியையும் சேர்த்து நாம் மறுபடி எழுத வேண்டியிருக்கிறது.

1908ஆம் ஆண்டு இங்கிலாந்துச் சட்டத்தில் ஒரு சொற்றொடர் இருக்கிறது: 'பாதுகாப்பான இடம்'. ஆபத்திலிருக்கும் பிள்ளையை உத்தரவு வரும்வரை அங்கே கொண்டுபோய் வைக்கலாம். அதற்குள் அடங்கும் இடங்கள் எவை என்று அச்சட்டமே சொல்கிறது: ஏழைகள் விடுதி, காவல் நிலையம், மருத்துவமனை, அல்லது தற்காலிகமாக ஏற்றுக்கொள்ளச் சம்மதிக்கிற யாருடைய தகுந்த இடமும். காவல் நிலையம் பாதுகாப்பான இடம்! நம்மூரில் இதைப் படித்துக் காட்டினால் பிள்ளைகள் சிரிப்பார்கள். இந்தியாவின் 1986ஆம் ஆண்டு சட்டம் அதே சொற்றொடரை வைத்துக்கொண்டு, 'காவல் நிலைய லாக்கப்போ சிறையோ அல்லாத' என்ற சொற்களைச் சேர்த்தது. எண்பது வருஷத்தில் நாம் கண்ட முன்னேற்றம் இந்தச் சில சொற்கள். 2015ஆம் ஆண்டு சட்டத்தில் சொற்றொடர் மறுபடி உருமாறியது. இப்போது 'பாதுகாப்பு இடம்' என்பது கொடுங்குற்றம் சாட்டப்பட்ட 16 வயதைக் கடந்தவர்களை அடைக்கும் இடம். வேலூரில் ஒன்று இருக்கிறது. பிள்ளையை ஆபத்திலிருந்து காப்பாற்றும் இடமாகத் தொடங்கிய சொல், பிள்ளையிடமிருந்து சமூகத்தைக் காப்பாற்றும் இடமாக வந்து நின்றிருக்கிறது. தமிழ்நாட்டில் இந்த இல்லங்களையெல்லாம் நீண்டகாலம் நடத்திய துறையின் பெயரும் 'சமூகப் பாதுகாப்புத் துறை'தான். ஆங்கிலப் பெயரை மொழிபெயர்த்தால் 'சமூகத் தற்காப்பு' என்று வரும். ஐரோப்பியக் குற்றவியலில் பழக்கமான சொல் அது. சமூகம் யாரிடமிருந்து தன்னைத் தற்காத்துக்கொள்கிறது என்று கேட்டால் பதில் கெல்லிஸில் இருக்கும் இல்லத்து வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்திருக்கும்.

காத்திருப்பு இடம் என்று தனியாக ஒன்று இந்த 1920களில்தான் உருவானது. பம்பாயில் 1927இல் தோன்றிய குழந்தைகள் உதவிச் சங்கம் டோங்கிரியில், பழைய உமர்காடி ஜெயில் வளாகத்தில், ரிமாண்ட் ஹோமை நடத்தியது. ஜெயிலை இடித்துவிட்டு அல்ல, ஜெயிலுக்குள்ளேயே. 'ரிமாண்ட்' என்ற சொல்லின் பொருளே திருப்பி அனுப்பிவைத்தல், அடுத்த வாய்தா வரை. வழக்கு உள்ளவனைத்தான் ரிமாண்ட் செய்ய முடியும். வழக்கே இல்லாத, வீடு மட்டும் இல்லாத பிள்ளையையும் ரிமாண்ட் செய்தார்கள். சட்டத்தில் இரண்டு பகுதி, நீதிமன்றத்தில் இரண்டு பதிவேடு, ராத்திரி படுக்கும்போது ஒரே ஹால். திருடியவனும் திருட்டுக் கொடுத்தவனும் அடிவாங்கி ஓடிவந்தவனும் பக்கத்துப் பக்கத்துப் பாயில். அம்மாக்கள் எல்லாவற்றையும் 'சீர்திருத்தப் பள்ளி' என்ற ஒரே சொல்லில் அடக்கியது ஏன் என்று இப்போது தெரிகிறதா? அவர்கள் சட்டத்தைப் படிக்கவில்லை, கட்டடத்தைப் பார்த்தார்கள்.

பெண் பிள்ளைகளின் கதை வேறு பாதையில் வந்தது. 1930இல் தேவதாசிக் குடும்பங்களிலிருந்து வெளியேறிய சில பெண்கள் முத்துலட்சுமி ரெட்டியிடம் அடைக்கலம் கேட்டு வந்தார்கள். சென்னையிலிருந்த விடுதிகள் அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஒவ்வொரு சாதிக்கும் ஒரு விடுதி இருந்த ஊரில், எந்தச் சாதிக் கணக்கிலும் 'கௌரவமாக' அடங்காத இவர்களுக்கு ஒரு ராத்திரி தங்க இடமில்லை. அவர் தன் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். அவ்வை இல்லம் அப்படித்தான் தொடங்கியது. நம் வரலாற்றில் 'தற்காலிகத் தங்கல்' என்பதற்கு இதைவிட நேர்மையான உதாரணம் எனக்குத் தெரியாது. கோப்பு கிடையாது, உத்தரவு கிடையாது, கதவைத் தட்டினார்கள், திறந்தது. முத்துலட்சுமியின் சீர்திருத்தவாதத்தின் மீது பெண்ணியர்களுக்கும் தேவதாசி மரபு பற்றி ஆய்வு செய்பவர்களுக்கும் உள்ள விமர்சனங்கள் தெரிந்தவைதான், எனக்கும் அவற்றில் பலவற்றில் உடன்பாடு உண்டு. அந்தத் திறந்த கதவை அதற்காக இல்லையென்று சொல்லிவிட முடியாது.

அரசின் பாதையோ வேறாக இருந்தது. அதே 1930இல் சென்னை ஒழுக்கக்கேடான வியாபாரத் தடுப்புச் சட்டம் வந்தது. ரெய்டில் 'மீட்கப்பட்ட' பெண்கள் மீட்பு இல்லங்களில் வைக்கப்பட்டார்கள். மீட்கப்பட்டவரை எதற்குப் பூட்டி வைக்க வேண்டும் என்ற கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை. பையன் தப்பி ஓடினால் 'ஓடிவிட்டான்' என்று எழுதுகிறார்கள். பெண் தப்பி ஓடினால் அவளுடைய ஒழுக்கத்தைப் பற்றி எழுதுகிறார்கள்.

சுதந்திரத்துக்குப் பிந்தைய சட்டங்களை வேகமாகக் கடந்துவிடலாம். 1960இல் யூனியன் பிரதேசங்களுக்கென மத்திய அரசு போட்ட குழந்தைகள் சட்டம், புறக்கணிக்கப்பட்ட பிள்ளைக்கு நல வாரியம், குற்றம் செய்த பிள்ளைக்குத் தனி நீதிமன்றம் என்று பிரித்தது. நாம் 1920ஆம் ஆண்டுச் சட்டத்தோடேயே ஓட்டிக்கொண்டிருந்தோம். சிறைகளில் வாடும் பிள்ளைகளுக்காக ஷீலா பார்ஸே தொடுத்த வழக்கில் 1986இல் உச்ச நீதிமன்றம் தலையிட்டது. அதே வருஷம் நாடு முழுவதற்குமான இளஞ்சிறார் நீதிச் சட்டம் வந்து, 1987 அக்டோபர் 2இல் அமலானது. காந்தி ஜெயந்தி அன்று எதையாவது அமல்படுத்துவது நம் அரசுகளுக்குப் பிடித்த வழக்கம். இந்தச் சட்டத்திலும் வாரியம் வேறு, நீதிமன்றம் வேறு. ஆனால் விசாரணை முடியும்வரை இரு வகைப் பிள்ளைகளையும் 'தற்காலிகமாக ஏற்று' வைக்கும் இடம் ஒன்றே. தமிழில் அதற்குக் 'கூர்நோக்கு இல்லம்' என்று பெயர் வைத்தார்கள். யார் வைத்தாரோ, அவருக்கு ஒரு கும்பிடு. அதிகாரத்தின் பார்வை பற்றி நம் பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக எழுதியதை அந்த அரசு மொழிபெயர்ப்பாளர் ஒரே சொல்லில் சொல்லிவிட்டார்.

1986ஆம் ஆண்டுச் சட்டத்தின் இன்னொரு ஓட்டை, 16 வயது. பையன் என்றால் 16 வரை, பெண் என்றால் 18 வரை. பதினாறரை வயது வீடில்லாத பையன் குழந்தையும் இல்லை, பெரியவனும் இல்லை. அவனுக்கு ஓட்டுரிமை இல்லை, வாடகைக்கு வீடு கிடைக்காது, ஆனால் லாக்கப் கிடைக்கும். 2000ஆம் ஆண்டுச் சட்டம்தான் இருபாலருக்கும் 18 என்றது. குழந்தைகள் நலக் குழு என்ற அமைப்பும், கூர்நோக்கு இல்லத்தைக் குற்றம் சாட்டப்பட்டவர்களுக்கு மட்டும் ஒதுக்கியதும் அச்சட்டம்தான். சட்டம் பிரித்த மறுநாளே சுவர் எழும்பிவிடாது என்பதை உள்ளே போய்வந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். விசாரணை முடிக்க 1986ஆம் ஆண்டுச் சட்டம் சாதாரணமாக மூன்று மாதம் என்றது. 2000த்தில் அது நான்கு மாதம். 2015லும் நான்கு மாதம்தான். சமூக விசாரணை அறிக்கைக்குப் பதினைந்து நாள், குழுவின் முன் நிறுத்த 24 மணி நேரம், பயண நேரம் கணக்கில்லை. இப்படிக் காலத்தைத் துண்டு துண்டாக வெட்டி வைத்திருக்கிறார்கள். அறிக்கை எழுதுகிற அலுவலர் ஒருவர், பிள்ளையின் சொந்த ஊரோ வேறு மாநிலம், பாஷை வேறு. பிறகு எப்படிப் பதினைந்து நாள்?

தொண்ணூறுகளில் வேறொன்று நடந்தது. சென்ட்ரல், எழும்பூர் நிலையங்களைச் சுற்றிப் பிள்ளைகளோடு வேலைசெய்த தொண்டு நிறுவனங்கள் இரவுத் தங்குமிடங்களைத் திறந்தன. 1993இல் மத்திய அரசு தெருக் குழந்தைகளுக்கான திட்டத்தின் கீழ் அவற்றில் சிலவற்றுக்குப் பணம் கொடுக்கத் தொடங்கியது. 1996இல் பம்பாயில் 1098 தொலைபேசி உதவி தொடங்கி மற்ற நகரங்களுக்கும் பரவியது. அந்த வருஷங்களில் அப்படியொரு தங்குமிடத்துக்கு நான் சாயந்திரங்களில் போய்வந்துகொண்டிருந்தேன். கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டு, பூட்டு கிடையாது. சாயந்திரம் வரலாம், குளிக்கலாம், சாப்பிடலாம், சம்பாதித்த காசைக் கொடுத்து வைக்கலாம், காலையில் போய்விடலாம். பேர் கேட்க மாட்டார்கள். கேட்டாலும் சொன்னதை எழுதிக்கொள்வார்கள். ஒரே பையன் ஒரு மாதத்தில் ரஜினி, பாட்ஷா, மாணிக்கம் என்று மூன்று பேரில் கையெழுத்துப் போட்டிருந்தான். ஏன்டா இப்படி என்று கேட்டதற்கு, "அரசாங்க ஹோம்ல உண்மையான பேரச் சொன்னேன்ணா, ஊருக்கு அனுப்பி எங்கப்பன்கிட்டயே ஒப்படச்சாங்க" என்றான். உண்மையான பேரைச் சொன்னதற்கு அவன் கொடுத்த விலை முதுகில் இருந்தது. 'குடும்பத்தோடு மீளச் சேர்த்தல்' என்று அறிக்கைகளில் வெற்றியாகப் பதிவாகிற ஒன்றுக்கு இப்படியும் ஒரு மறுபக்கம் உண்டு.

அந்தத் தங்குமிடங்களைப் புனிதப்படுத்த வேண்டியதில்லை. வெளிநாட்டுப் பணம், நன்கொடையாளருக்காக எடுத்த போட்டோக்கள், பெரிய பையன்கள் சின்னவர்களை மிரட்டுவது, எல்லாம் இருந்தன. என்.ஜி.ஓ. அரசியல் பற்றி இடதுசாரித் தோழர்கள் அப்போது வைத்த விமர்சனம் அப்படியே பொருந்தும். என்றாலும் காத்திருப்பைக் காவலாக மாற்றாத இடம் என்று ஒன்று இருக்க முடியும் என்பதை அவை காட்டின. 2000ஆம் ஆண்டுச் சட்டம் அவசர உதவி தேவைப்படும் பிள்ளைகளுக்கான, வந்துபோகும் புகலிடங்களை அங்கீகரித்தது. 2015ஆம் ஆண்டுச் சட்டம் 'திறந்தநிலைப் புகலிடம்' என்று பெயரே வைத்தது. பெயரில் திறப்பு வந்த அதே சட்டத்தில் கதவு சாத்தப்பட்டதுதான் விசித்திரம். குடும்ப ஆதரவற்றதாகத் தோன்றும் பிள்ளையைக் கண்டவர், அது தனிநபரோ காவலரோ தொண்டு நிறுவனமோ மருத்துவமனையோ, 24 மணி நேரத்திற்குள் தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் குற்றம். ஆறு மாதம்வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ரயில்வேக்கும் 2015இல் தனி நடைமுறை வந்தது.

இதை எதிர்ப்பது எளிதல்ல, அதனால்தான் யாரும் எதிர்க்கவில்லை. பிள்ளைகள் விற்கப்படுகிறார்கள், காணாமல் போகிறார்கள். தெரிவிக்க வேண்டும் என்று சட்டம் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 'மீட்டோம்' என்ற பெயரில் பிள்ளைகளை வாங்கி வைத்துக்கொண்ட போலி இல்லங்களை நாம் பார்த்திருக்கிறோம். மகாபலிபுரத்தில் அநாதை இல்லங்களில் நடந்த பாலியல் சுரண்டல் பற்றிய ஒரு பத்திரிகைக் கட்டுரைதான் 2007இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்காகி, பத்து வருஷம் நடந்து, 2017 மே 5இல் நீதிபதி மதன் லோகுரின் தீர்ப்பானது. வழக்கின் பெயரிலேயே தமிழ்நாட்டு அநாதை இல்லங்கள் இருக்கின்றன. எல்லா இல்லங்களும் பதிவுபெற வேண்டும், பிள்ளையை இல்லத்தில் போடுவது மட்டுமே வழியாக இருக்கக்கூடாது என்றது தீர்ப்பு. மத்திய அரசுக்காக எடுக்கப்பட்ட கணக்கெடுப்பொன்று 2016-17இல் நாடெங்கும் 9,589 இல்லங்களையும் அவற்றில் சுமார் 3.77 லட்சம் பிள்ளைகளையும் கண்டது. தீர்ப்பின் நியாயத்தை மறுக்கவில்லை. நான் சொல்ல வருவது வேறு: மோசமான இல்லத்தைத் தடுக்கப் போட்ட வலை, பேர் கேட்காத தங்குமிடத்தையும் சேர்த்துப் பிடித்துவிட்டது. தன்னைத் தேடுபவரிடமிருந்து ஒளிந்துகொள்ள வேண்டிய பிள்ளைக்குச் சட்டத்தில் இடம் இல்லாமல் போனது. 2023இல் 1098ஐயும் தொண்டு நிறுவனத்திடமிருந்து அரசு தன் கைக்கு மாற்றி, 112 அவசர எண்ணோடு இணைத்தது. 112 என்றால் போலீசும்தான். போலீசுக்குப் பயந்து ஓடுகிற பையன் எந்த எண்ணைச் சுழற்றுவான்?

தற்காலிகம் நிரந்தரமாவதற்கு ஒரு எடுத்துக்காட்டு, 2004 சுனாமி. நாகப்பட்டினத்தில் அரசு உடனடியாக ஒரு குழந்தைகள் காப்பகம் திறந்தது, அன்னை சத்யா பெயரில். கடத்தல்காரர்களிடமிருந்தும் அவசரத் தத்துக்காரர்களிடமிருந்தும் பிள்ளைகளைக் காக்க அது அவசியமாகவே இருந்தது. அங்கே வளர்ந்து படித்து வேலைக்குப் போன பெண்களைப் பற்றிப் பத்திரிகைகளில் படிக்கையில் மகிழ்ச்சிதான். பேரிடர் முகாமாகத் தொடங்கி, குழந்தைப் பருவம் முழுவதையும் கழிக்கும் வீடாக மாறியது அது. நிரந்தரம் தற்காலிகமாவதற்கு எடுத்துக்காட்டு கொரோனா. 2020 ஜூனில் ராயபுரம் அரசு இல்லத்தில் 35 பிள்ளைகளுக்குத் தொற்று வந்ததை உச்ச நீதிமன்றம் தானாக எடுத்து விசாரித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் தேசியக் குழந்தைகள் உரிமை ஆணையம் தமிழ்நாடு உள்ளிட்ட எட்டு மாநிலங்களுக்கு, இல்லங்களிலுள்ள பிள்ளைகளை 100 நாட்களுக்குள் குடும்பத்திடம் அனுப்பச் சொல்லிக் கடிதம் எழுதியது. ஊரடங்கில் வேலை போன வீடுகளுக்கு! டிசம்பரில் நீதிமன்றம் வீடு திரும்பிய பிள்ளை ஒவ்வொன்றின் படிப்புக்கும் மாதம் 2,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. இல்லத்திலிருந்த பிள்ளைகளில் மிகப் பலருக்குப் பெற்றோர் இருந்தார்கள், சோறும் பள்ளியும்தான் இல்லை என்பதை அரசே ஒப்புக்கொண்ட தருணம் அது. இந்த 2,000 ரூபாயை முன்பே வீட்டில் கொடுத்திருந்தால் எத்தனை பிள்ளைகள் அந்த நடு இடத்தையே பார்த்திருக்க மாட்டார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

2022 டிசம்பர் கடைசியில், தாம்பரத்துப் பக்கம் திருட்டுக் குற்றம் சாட்டிப் பிடிக்கப்பட்ட 17 வயதுப் பையன் ஒருவன் செங்கல்பட்டுக் கூர்நோக்கு இல்லத்தில் வைக்கப்பட்டான். டிசம்பர் 31 அன்று செத்துப்போனான். அடித்த காயங்கள் உடம்பில் இருந்தன. ஊழியர்கள் ஆறு பேர் கைதானார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவை ஒருநபர் குழுவாக அரசு நியமித்தது. அவர் 2023இல் அறிக்கை கொடுத்தார். பையன் அங்கே இருந்தது இரண்டு ராத்திரிகூட முழுசாக இல்லை. தற்காலிகத்திலேயே தற்காலிகம். 1887இல் சீர்திருத்தப் பள்ளி திறந்த அதே செங்கல்பட்டு. இந்தச் சாவை 'கூர்நோக்கு இல்லத்தின் பிரச்சினை' என்று ஒதுக்கி, 'நலன்' தேவைப்படும் பிள்ளைகளின் இல்லங்களைத் தனியாக வைத்துப் பேசுகிற போக்கு நம் செயல்பாட்டாளர்களிடமும் இருக்கிறது. சட்டப்படி அது சரி. வரலாற்றுப்படி இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்; ஒரே துறை, அதே ஊழியர்கள் இடமாற்றம் பெற்றுப் போகிற இடங்கள், அதே பிரம்பு.

அப்படியானால் என்ன வேண்டும்? வளர்ப்புப் பராமரிப்பு என்று 2015ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றைச் சொல்கிறது. பிள்ளையை ஒரு குடும்பத்தில் சில காலம் வைப்பது. 'தகுந்த நபர்' என்ற பழைய இங்கிலாந்துச் சொல்லும் அதில் உயிரோடு இருக்கிறது. நல்ல யோசனை. ஆனால் பதினைந்து வயதுப் பறையர் வீட்டுப் பையனையோ நரிக்குறவர் வீட்டுப் பெண்ணையோ எந்தக் குடும்பம் சமையலறைவரை விடும் என்ற கேள்வியைச் சட்டம் கேட்காது, நாம்தான் கேட்க வேண்டும். குழந்தைகள் நலக் குழு மாதம் குறைந்தது இருபது நாள் கூட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. உங்கள் மாவட்டத்தில் எத்தனை நாள் கூடுகிறது என்று கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு இல்லத்திலும் பிள்ளைகளின் குழு இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது, அது கடைசியாக எப்போது கூடியது என்று கேளுங்கள். நான்கு மாதத்தைத் தாண்டிக் காத்திருப்பவர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். கவிதை எழுதுவதைவிட இது சலிப்பான வேலைதான்.

பதினெட்டு வயது முடிந்த அன்றைக்கு இந்தக் காத்திருப்பெல்லாம் சட்டப்படி தீர்ந்துபோகிறது. பிற்காப்பு என்ற பெயரில் 21 வயதுவரை, விதிவிலக்காக 23 வரை, ஆதரவு தரலாம் என்று இருக்கிறது. மிஷன் வாத்சல்யா திட்டத்தில் அதற்கு மாதம் 4,000 ரூபாய். சென்னையில் நாலாயிரத்துக்கு அறை தேடியவர்களுக்குத் தெரியும். அட்வான்ஸ் எவ்வளவு தருவே என்று கேட்பார்கள். அப்பா பேரு, சொந்த ஊரு, ஆதாரில் இருக்கிற விலாசம் எது என்று கேட்பார்கள். பையன் இல்லத்தின் விலாசத்தைக் காட்டுவான். அதை ஒரு தரம் பார்த்துவிட்டு, தம்பி நீங்க என்ன ஆளுங்க என்று கேட்பார்கள்.